விரல் வேர்த்த சொல்

சுப்ரியா எலிகளைத்தான் கேட்டாள். சைக்காலஜி நாலு வருஷ ஆனர்ஸில் கடைசி வருஷம் முழுக்க ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். மூளையும் நடத்தையும் என்று பேச்செடுத்தால் எலி இல்லாமல் ஆகாது என்று முதல் வருஷத்திலிருந்தே அவள் மனசில் ஒரு தீர்மானம். ஆனால் அந்தக் கல்லூரியில் எலி வளர்க்க இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. அனுமதி கேட்காமல் கேன்டீனில் குடியிருந்த எலிகள் ஆராய்ச்சிக்கு ஆகாதவை. கைடாக வாய்த்த ஸ்மிதா மிஸ் அலமாரியைத் திறந்து, ஏதோ பழைய ப்ராஜெக்ட்டுக்கு வாங்கிக் கிடப்பில் போட்டிருந்த ஒரு சின்னக் கருவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதிலிருந்து இரண்டு ஒயர்கள்.

"இவிடெ உள்ளது இதாணு. இதைக் கொண்டு என்ன கேட்கலாம்னு யோசிச்சிட்டு வா" என்றார்.

அந்த இரண்டு ஒயர்களையும் இரண்டு விரல்களில் ஒட்ட வேண்டும். மனசில் சுருக்கென்று ஏதாவது பட்டால் விரல் நுனி வேர்க்கும். நமக்கே தெரியாத அளவுக்குத்தான் வேர்க்கும், ஆனால் கருவிக்குத் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் கோடு ஒரு மேடு ஏறி இறங்கும். அவ்வளவுதான் அதன் வித்தை.

கேள்வி அவளுக்கு வீட்டிலிருந்தே கிடைத்தது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் வீடு. அப்பா வெங்கடகிருஷ்ணன் ஏஜீஸ் ஆபீஸில் ஆடிட் பார்க்கிறவர். ஒரு நாள் காலையில் அவர் குளியலறை விளக்கை அணைக்காததற்காகத் தமிழில் சத்தம் போட, அவள் மலையாளத்தில் பதில் சொல்ல, அவர் இன்னும் எகிறினார். "ஆத்துல என்ன பாஷை பேசறதுன்னு நோக்கு ஒரு நிச்சயம் வேண்டாமா?" பஸ்ஸில் போகும்போது அவள் யோசித்தாள். திட்டு எந்த மொழியில் விழுந்தால் அதிகம் சுடும்? சின்ன வயசில் வாங்கிய மொழியிலா, பின்னால் படித்த மொழியிலா? வெளிநாடுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்திருந்தாள். தாய்மொழித் திட்டுத்தான் தோலுக்குள் இறங்கும், மற்றது காதோடு நின்றுவிடும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். இந்த ஊர்த் தமிழர்களிடம் யாரும் பார்த்ததாக அவளுக்குத் தெரியவில்லை. ஸ்மிதா மிஸ்ஸுக்கும் பிடித்துப் போயிற்று.

கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று முதலில் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழித்துப் போட்டதும், அம்மா சீதாலக்ஷ்மியைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தாள். விரலில் பசையைத் தடவி ஒயரை ஒட்டி, காதில் ஹெட்போனை மாட்டினாள்.

"கை அனக்காதே அம்மா."

"அசைக்காதேன்னு சொல்லேண்டி. அதென்ன அனக்காதே?"

சீதாலக்ஷ்மி கல்லிடைக்குறிச்சிக்காரி. திருநெல்வேலியில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி மாற்றல் வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தவள். வந்தபோது மலையாளத்தில் ஒரு எழுத்து தெரியாது. இப்போது கவுன்ட்டருக்கு வருகிறவர்களிடம் அவள் பேசும் மலையாளத்தைக் கேட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எதற்கும் பதறாத சுபாவம். இடி விழுந்தாலும், 'சித்த இரு, பாலை இறக்கி வைச்சுட்டு வரேன்' என்கிற ரகம். அவள் அழுது சுப்ரியா பார்த்ததில்லை.

ஹெட்போனில் சுப்ரியாவின் குரலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. 'வெக்கமா இல்லே நோக்கு?' கோடு லேசாகக் கூட அசையவில்லை. அதையே மலையாளத்தில், 'நாணமில்லே நினக்கு?' ஒரு சின்ன மேடு, எறும்புப் புற்று மாதிரி. நடுநடுவே, மனசை ஒன்றும் செய்யாது என்று அவள் நினைத்த சொற்களைப் போட்டிருந்தாள்: கதவு, குடை, பரவாயில்லை. அதற்கு மலையாளத்தில் 'சாரமில்ல'. பஸ்ஸில் காலை மிதித்தால், கடையில் சில்லறை இல்லாவிட்டால், ஒரு நாளைக்குப் பத்துத் தரம் காதில் விழுகிற சொல். அந்தச் சொல் வந்தபோது கோடு விறுவிறுவென்று ஏறிற்று. திரையின் மேல் விளிம்பை முட்டிவிட்டு, இறங்க மனசில்லாதது போல மெதுவாக இறங்கிற்று.

ஒயர் நழுவிவிட்டது என்றுதான் சுப்ரியா முதலில் நினைத்தாள். சரிபார்த்து மறுபடியும் ஓட்டினாள். மறுபடியும் அதே இடத்தில் ஏற்றம்.

"அம்மா, இப்போ ஏதானும் நினைச்சுண்டியா?"

"என்னத்தை நினைக்கறது? சாயங்காலத்துக்கு அரிசி ஊறப்போடணும்னு நினைச்சேன்."

"இல்லே, அந்தச் சொல்லு கேட்டப்போ."

"எந்தச் சொல்லு?"

அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. நெற்றியில் குங்குமம் கொஞ்சம் கலைந்திருந்தது, அவ்வளவுதான். மறுநாளும் ஓட்டிப் பார்த்தாள். மேடு கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் இருந்தது.

இதைக் கேள்விப்பட்டு அப்பா தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்குக் கோடு தொடக்கத்திலிருந்து முடிவு வரை அடிக்கோல் வைத்துப் போட்டது போல நேராகப் போயிற்று. திட்டு, குடை, கதவு, சாரமில்ல எல்லாம் ஒன்றுதான்.

"சில பேருக்கு இப்படி இருக்கும்ப்பா. தோல் அப்படி" என்றாள்.

"முப்பது வருஷம் ஆடிட் பார்த்தவனாக்கும் நான். சும்மா சும்மா வேர்த்துண்டிருந்தா உத்யோகம் நடக்குமோ?" என்று பெருமையாகத்தான் எழுந்து போனார். ஆனால் இரண்டு நாள் கழித்துப் பேப்பரைத் தாழ்த்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அது நிஜமாவே தோல்தானா?"

ஸ்மிதா மிஸ் கோட்டைப் பார்த்துவிட்டு அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. ஓர் ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதிலும் சொந்த அம்மா. அந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டு வேலையை ஆரம்பி என்றார். "அம்மையெ விட்டேக்கு மோளே" என்றும் சொன்னார். சுப்ரியா சொல்லை எடுத்தாள். அம்மாவை விடத்தான் முடியவில்லை.

கல்லூரி விட்டதும் கருவியையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கோட்டையிலும் சாலை என்கிற கடைவீதியிலும் ஆள் தேடி அலைந்தாள். சாலையில் இரும்புச் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கும் யோசுவா அண்ணாச்சி, பாறசாலைப் பக்கத்துக்காரர், கடையின் பின்கட்டில் ஆணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார். படிவத்தில் 'தாய்மொழி' என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி வெகு நேரம் இருந்தார்.

"இதுல எதப் போடணும் மக்ளே?"

"வீட்டுல என்ன பேசுவீங்க அண்ணாச்சி?"

"வீட்டுல ரெண்டும் பேசுவோம். அம்மைட்ட தமிழு. பெண்டாட்டிகிட்ட, அவ சிரிச்சா தமிழு, மொறைச்சா மலையாளம். கோயில்ல ஜெபம் தமிழு. போலீசு வந்தா மலையாளம். நீயே ஒண்ணு போட்டுக்க."

அவருடைய கோடு எல்லாத் திட்டுக்கும் ஒரே மாதிரி ஏறியது. தமிழா மலையாளமா என்று அதற்கு வித்தியாசமே இல்லை. இடையில் வேலையாள் ஒருவன் வெளியே இரும்புக் கம்பியைக் கீழே போட்டபோதுதான் எல்லாவற்றையும்விட உயரமாக ஏறியது. இன்னொருவர் திட்டைக் கேட்டுச் சிரிசிரி என்று சிரித்தார். பூக்கடைப் பொன்னம்மையின் விரல் நாளெல்லாம் ஈரப்பூவைத் தொட்டுத் தொட்டு ஊறிப்போயிருந்ததால் ஒயர் ஒட்டவே இல்லை. சிலருக்குப் பள்ளிக்கூட மலையாளத் திட்டு சுட்டது, சிலருக்கு அப்பாவின் தமிழ். ஆட்கள் சேரச் சேர விஷயம் தெளியும் என்று பாடத்தில் படித்திருந்தாள். இவளுக்குச் சேரச் சேரக் குழம்பிற்று. ஒரு கட்டத்தில் தன் விரலிலேயே ஒட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஏறவில்லை. தன் குரலிலேயே தன்னைத் திட்டிக்கொண்டால் யாருக்குத்தான் ஏறும் என்று பிறகு தோன்றியது.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். தேங்காய் உடைக்கிற வரிசையில் நிற்கும்போது சீதாலக்ஷ்மி தானாகவே பேச்செடுத்தாள்.

"அந்தச் சாரமில்ல விஷயம் என்னன்னு நேக்கு ஞாபகம் வந்துடுத்துடி."

"என்னது?"

"இந்த ஊருக்கு வந்து ஆபீஸ்ல சேர்ந்த புதுசு. மானேஜர் மேஜை மேல டீ கிளாஸைத் தட்டி விட்டுட்டேன். ஃபைலெல்லாம் டீ. நான் நடுங்கிண்டு நிக்கறேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்து 'சாரமில்ல'ன்னார். நேக்கு எங்கே மலையாளம் தெரியும்? தமிழ்லதானே யோசிப்பேன்? சாரம் இல்லேன்னா என்ன? சத்தே இல்லாதவ, ஒண்ணுக்கும் உதவாதவள்னு சொல்லிட்டார்னு நினைச்சுண்டேன். பாத்ரூம்ல போய் ஒரே அழுகை. அப்புறம் ஒரு வாரம் அவர் 'குட் மார்னிங்' சொன்னாக்கூட பதில் சொல்லலை."

சுப்ரியா வரிசையில் நின்றபடி விழுந்து விழுந்து சிரித்தாள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது! அம்மாவுக்கு அது ஆறுதல் சொல்லே இல்லை, திட்டு. அதுவும் தமிழ்க் காதில் விழுந்த மலையாளத் திட்டு. மாதக்கணக்காகக் குழம்பிக் கிடந்த மண்டையில் ஒரு ஜன்னல் திறந்தது போல இருந்தது. அன்று உடைத்த தேங்காய் இரண்டு பங்காகச் சமமாகப் பிளந்ததைக்கூட அவள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் அடுத்த வாரம் வரைதான். எதிர் வீட்டு லலிதாம்பாள் மாமி, பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள், சோதனைக்கு வந்து உட்கார்ந்தாள். முடிந்து விரலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, பேச்சுவாக்கில் சுப்ரியா அந்த டீ கதையைச் சொன்னாள். மாமி துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"யாருக்கு நடந்ததுன்னா சொன்னா உங்கம்மா?"

"அவாளுக்குத்தான்."

"நன்னாருக்கு! அது என் கதைடி. டீயைக் கொட்டினது நான். ஹெட்மாஸ்டர் மேஜைல. பாத்ரூம்ல போய் அழுததும் நானாக்கும். உங்கம்மா இந்தத் தெருவுக்கு வந்த புதுசுல, மலையாளம் வரலையேன்னு பயந்துண்டிருந்தா. தைரியம் சொல்றதுக்காக நான்தான் சொன்னேன். வேணும்னா போய்க் கேளு."

போய்க் கேட்டாள். சீதாலக்ஷ்மி குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பொய் பிடிபட்டவள் முகம் இல்லை அது. தெரிந்த தெருவில் வழி தவறினவள் முகம்.

"அவளோடதா?" என்றாள். "நேக்கு நடந்த மாதிரின்னா இருக்கு? சூடு டீ முழங்கைல பட்டது இப்பவும் ஞாபகம் இருக்கே. அவ சொல்லிக் கேட்டதுல முழங்கை எப்படிடி சுடும்?"

இப்படி நடக்கும் என்று சுப்ரியா பாடத்தில் படித்திருக்கிறாள். கேட்ட கதை பல வருஷத்தில் சொந்த ஞாபகமாகவே குடியேறிவிடும். பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறாள். எதிரே அம்மா முழங்கையைத் தடவிக்கொண்டு நிற்கும்போது அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட உதவவில்லை. ஒருவேளை மாமிக்கும் அம்மாவுக்கும் ஒரே மாதிரி நடந்திருக்கலாமே? மாமிதான் அம்மாவிடம் கேட்டு எடுத்துக்கொண்டாளோ? யாரிடம் போய் விசாரிப்பது?

கொஞ்ச நாள் போயிற்று. அப்புறம் ஒரு சனிக்கிழமை, மழை வருமோ என்று மொட்டை மாடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு வந்து, கட்டில் மேல் போட்டு மடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தலையணை உறையை நீவியபடி, வேறு யாருக்கோ சொல்வது போல ஆரம்பித்தாள்.

"நோக்கு முன்னாடி ஒண்ணு இருந்தது. ஏழு மாசம். தங்கலை."

சுப்ரியாவுக்கு இது தெரியாது. யாரும் சொன்னதில்லை.

"ஆஸ்பத்திரில உங்கப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். ஒரு நர்ஸ் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், என் கையைப் பிடிச்சுண்டு 'சாரமில்ல சேச்சி, சாரமில்ல'ன்னு சொல்லிண்டே இருந்தா. நல்ல பொண்ணு. ஆறுதலாத்தான் சொன்னா. அதுக்குள்ள நேக்கு அர்த்தமும் தெரியும். அர்த்தம் தெரிஞ்சதுனாலதான்..." என்று நிறுத்திவிட்டு, உறையை மடித்து வைத்தாள். "பரவாயில்லைன்னு இவ எதைச் சொல்றான்னு தோணித்து. அழலை அன்னிக்கு."

வெளியே முதல் தூறல் விழுந்தது. சுப்ரியாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாய்க்கு வந்த ஆறுதல் சொல் ஒன்றே ஒன்றுதான். அதை இங்கே சொல்ல முடியாது. பெட்ஷீட்டின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் இழுத்து, கிட்டே வந்து, மடித்தார்கள்.

"இதுவும் யாராவது சொன்ன கதையா இருக்குமோ என்னமோ" என்றாள் சீதாலக்ஷ்மி, சிரிப்பது போல. "உன் மெஷின்தான் சொல்லணும்."

"போம்மா" என்றாள் சுப்ரியா. மடித்த பெட்ஷீட்டை அடுக்கின் மேல் வைத்தாள்.

அன்று முதல் அவளுக்குக் கருவியைத் தொடவே ஒரு மாதிரி இருந்தது. கேட்க உரிமை இல்லாத ஒன்றை இரண்டு ஒயரை வைத்துக் கேட்டுவிட்டோமோ? அம்மா சொல்ல நினைத்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருக்க மாட்டாளா? இல்லை, கோடு ஏறியதால்தான் சொல்ல ஒரு வழி கிடைத்ததா? அப்பாவின் நேர்கோட்டை நினைத்துக்கொண்டாள். மருந்துச் சீட்டோடு அந்த ஆஸ்பத்திரிப் படியேறி வந்த மனிதரின் விரல் ஏன் ஒரு துளிகூட வேர்க்கவில்லை? அது நிஜமாகவே தோல்தானா என்று அவர் கேட்டது, இப்போது வேறு கேள்வியாகப் பட்டது.

மறுபடி சோதித்துப் பார்க்கச் சொன்னது அம்மாதான். ஆபீஸிலிருந்து வந்து கை கால் அலம்பிவிட்டு, தானே மேஜையில் உட்கார்ந்து விரலை நீட்டினாள். "இன்னொரு தரம் வைச்சுப் பாரேன்." சுப்ரியா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அம்மா விரலை மடக்கவில்லை.

பழைய ஒலிப்பதிவையே ஓட்டினாள். திரையை இருவரும் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். கதவு. குடை. வெக்கமா இல்லே நோக்கு. அப்புறம் அந்தச் சொல் வந்தது. கோடு சும்மா போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்ன மேடுகூட இல்லை. சுப்ரியா ஒயரை அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினாள். ஒன்றும் இல்லை.

சீதாலக்ஷ்மி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போயிடுத்தா?" என்றாள்.

அந்தக் குரலை எப்படி எடுத்துக்கொள்வது என்று சுப்ரியாவுக்குப் புரியவில்லை. பாரம் இறங்கினவள் குரலா, பத்திரமாக வைத்திருந்ததைத் தொலைத்தவள் குரலா?

"அப்படி இல்லேம்மா. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கேட்டா உடம்புக்குப் பழகிப் போயிடும். இல்லேன்னா இப்போ கை அலம்பினதுனால இருக்கும். இல்லேன்னா நீ அன்னிக்கு அதை வாய்விட்டுச் சொல்லிட்டதுனால..." சொல்லச் சொல்ல, இதில் எது என்று தனக்கே தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. முதல் நாள் ஏறியதுகூட எதற்காக என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது.

"சரி, எடு" என்று அம்மா விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். உள்ளே போனவள் வெகு நேரம் காப்பி கலக்கவில்லை. அடுப்படியில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். பிறகு விளக்கு எரிந்தது, டபரா சத்தம் கேட்டது. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி முடிவில் ஒன்றும் தேறவில்லை. தமிழ்த் திட்டுக்கும் மலையாளத் திட்டுக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. ஸ்மிதா மிஸ் இரண்டு மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து, "எனக்கும் மனசிலாகல்லை சுப்ரியா. உள்ளதை உள்ளபடி எழுது" என்றார். கருவியைச் சோதித்தபோது கிடைத்தது எதுவும் அறிக்கையில் சேரவில்லை. முறைப்படி சேரவும் கூடாது.

வைவாவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு வெளித் தேர்வாளர் வந்திருந்தார். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இவங்களுக்கெல்லாம் முதல் மொழி எதுன்னு நீங்க தீர்மானிச்சது எப்படி?" என்று கேட்டார். அவர்கள் எழுதியதைத்தான் எடுத்துக்கொண்டேன், ஆனால் எழுதியவர்களுக்கே அது நிச்சயமில்லை என்றாள். அப்படியானால் ஆராய்ச்சியின் அஸ்திவாரமே ஆடுகிறதே என்றார். ஆமாம் சார் என்றாள். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"எதிர்பாராம ஏதாவது கண்டீங்களா?"

"நிறைய சார். இதுல சேர்க்க முடியாதது."

அவர் மேலே கேட்கவில்லை. சுமாரான கிரேடு கிடைத்தது. அப்பா, பாஸ்தானே, போதும் என்றார். அம்மா பாயசம் வைத்தாள்.

மேலே என்ன படிப்பது என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. பெங்களூரில் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்துவிட்டு, இடம் கிடைத்ததும் போகப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்று ஒரு நாளும், இன்னும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று மறுநாளும் தோன்றிற்று. அந்தச் சமயத்தில் ஸ்மிதா மிஸ்ஸுக்கு ஒரு புது ப்ராஜெக்ட் வந்தது. நீண்ட தூர பஸ் ஓட்டுகிற டிரைவர்களின் தூக்கத்தைப் பற்றி. ஓர் உதவியாள் தேவை, ஒரு வருஷத்துக்கு. சுப்ரியா யோசிக்க இரண்டு நாள் கேட்டாள். சரியாக யோசிக்காமலே சரி என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில், டிரைவர்கள் இளைப்பாறும் அறையில், செங்கோட்டை வண்டி ஓட்டுகிற ஒருவருக்கு மணிக்கட்டில் தூக்கத்தை அளக்கிற பட்டையைக் கட்டினாள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நான் என்ன கனவு கண்டேன்னு தெரியுமா மோளே?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணா. தூங்கினீங்களா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்."

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தனக்கும் அது நிம்மதிதானா என்று யோசித்தபடியே சுப்ரியா அடுத்தவருக்குப் பட்டையைக் கட்டப் போனாள்.